ஸ்ட்ராட் நெக்குக்கு ஷிம்: எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம்?

கேள்வி: மூன்றாம்ஃப்ரெட்

வணக்கம். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) மாதிரி எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றின் தந்தி உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைக் குறைக்க வேண்டும். நாலு ஸ்க்ரூ போல்ட்-ஆன் நெக், 25.5 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 9.5 அங்குல ரேடியஸ் (ஃப்ரெட்போர்டின் மேல்வளைவு), 21 ஃப்ரெட். ட்ரெமலோ (ஆட்டிச் சுருதியை வளைக்கும் பிரிட்ஜ்) 6 ஸ்க்ரூ வகை. பிரிட்ஜ் தகடு பாடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, மிதக்கவில்லை. தந்தி 10-46, வழக்கமான ஈ ட்யூனிங்.

எடுத்த அளவுகள்:

1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 8ஆம் ஃப்ரெட்டில் பார்த்த ரிலீஃப் (நெக்கின் நடுவளைவு) 0.2 மி.மீ. 17ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் இரண்டு ஈ தந்திக்கும் 2.4 மி.மீ. 3ஆம் ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் 1ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே 0.1 மி.மீ. இடைவெளி.

இரண்டு ஈ தந்திகளின் சேடிலும் (பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டு) தகட்டைத் தொட்டுவிட்டன. இனி இறக்க இடமில்லை. சேடில் திருகுகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகின்றன.

17ஆம் ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. வேண்டும். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) இன்னும் கொஞ்சம் இறுக்கினால் இறங்குமா? நெக்குக்கு அடியில் செருகும் மெல்லிய தகடான ஷிம்தான் வழி என்றால் எவ்வளவு தடிமன்? ஒருவர் விசிட்டிங் கார்டு போதும் என்கிறார், இன்னொருவர் பழைய ஏடிஎம் கார்டை வெட்டிப் போடு என்கிறார். இரண்டுக்கும் தடிமனில் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறதே.

பதில்: உப்புத்தாள்

ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள். 9.5 ரேடியஸ் நெக்குக்கு ஃபெண்டர் சொல்லும் ரிலீஃப் 0.25 மி.மீ. உங்களுடையது 0.2. சரியாகவே இருக்கிறது. ராட் மாற்றுவது நெக்கின் நடுவளைவை மட்டும். அதை மேலும் நேராக்கினால் 5 முதல் 9ஆம் ஃப்ரெட் வரை ஒரு பொட்டு இறங்கும், 17இல் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. பதிலாக முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கரகரப்பு வந்து சேரும். ஆக்‌ஷனைக் குறைக்க ராடைத் திருகித் திருகி நெக்கைப் பின்பக்கமாக வளைத்து வைத்திருக்கும் கிட்டார்கள் ஊரெல்லாம் உண்டு.

நட்டும் (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) சரி, 1ஆம் ஃப்ரெட்டின் 0.1 அதைத்தான் சொல்கிறது. ஆகவே மிச்சம் இருப்பது நெக் உட்கார்ந்திருக்கும் கோணம்தான்.

கணக்கு இது. ஸ்கேல் 648 மி.மீ. நட்டிலிருந்து 17ஆம் ஃப்ரெட் 405 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதாவது சேடிலை 1 மி.மீ. இறக்கினால் 17இல் 0.625 மி.மீ.தான் இறங்கும் (12இல் பார்த்தால் சரி பாதி). உங்களுக்கு 17இல் 0.8 மி.மீ. குறைய வேண்டும். அதற்குச் சேடில் 1.3 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். அந்த இடம் இல்லை. அதோடு, பின்னால் ஏற்றி இறக்கச் சேடிலுக்குக் கீழே ஒரு 0.8 மி.மீ. கையிருப்பும் வேண்டும். மொத்தம் 2.1 மி.மீ.

இப்போது ஷிம். பாக்கெட்டின் (பாடியில் நெக் உட்காரும் குழி) பிரிட்ஜ் பக்கக் கடைசியில் ஷிம் வைத்தால், நெக் பாக்கெட்டின் வாய் விளிம்பில் (தலைப்பக்க விளிம்பு) ஊன்றிக்கொண்டு தலைப்பக்கம் பின்னால் சாயும். வாய் விளிம்பிலிருந்து சேடில் வரை உள்ள தூரத்தைப் பாக்கெட்டின் நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்டில் சுமார் 245க்கு 75, அதாவது 3.3 மடங்கு. 0.1 மி.மீ. ஷிம் போட்டால் சேடில் இருக்கும் இடத்தில் 0.33 மி.மீ. இடம் கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய 2.1ஐ 3.3ஆல் வகுத்தால் 0.64 மி.மீ. கடைகளில் 0.5 டிகிரி என்று விற்கும் ஷிம்மின் தடித்த முனை ஏறக்குறைய இதே அளவுதான் (0.25 டிகிரி என்பது 0.33 மி.மீ.).

ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. அதைப் போட்டால் 2.5 மி.மீ. கிடைக்கும், கொஞ்சம் அதிகம். விசிட்டிங் கார்டு பாதி வேலைதான் செய்யும், அதுவும் கார்டைப் பொறுத்தது. எதுவானாலும் வெர்னியரில் அளந்துவிட்டு நம்புங்கள்.

ஆனால் ஷிம் வெட்டுவதற்கு முன் நெக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். மூன்று விஷயம்: பாக்கெட்டின் அடியில் பெயின்ட் திரண்டு மேடாக இருக்கிறதா, மரத்தூள், பழைய ஸ்டிக்கர் ஏதும் ஒட்டியிருக்கிறதா, யாராவது ஏற்கெனவே ஷிம் போட்டு அது வாய்ப்பக்கமாக நகர்ந்து கிடக்கிறதா. வாய்ப்பக்கம் எது கிடந்தாலும் அது நெக்கை முன்பக்கமாகத் தள்ளி ஆக்‌ஷனை ஏற்றும். அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடலாம்.

இன்னொன்று: ஒரு ஸ்டீல் ஸ்கேலை 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து 21 வரை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். 17க்கு மேல் ஃப்ரெட்கள் எழும்பி ஸ்கேல் ஆடினால் அது கோணத்தின் குறை இல்லை, ஷிம்மாலும் தீராது. ஃப்ரெட்டை ராவித்தான் ஆக வேண்டும்.

பதில்: மேப்பிள்வாசி

கணக்கில் தகராறு இல்லை. ஆனால் 0.64ஐ ஒரு பட்டையாக வெட்டிப் பின்னால் மட்டும் வைக்கச் சொல்கிறீர்கள் என்றால் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டை வைத்தால் நெக் இரண்டு இடத்தில்தான் தாங்கும்: பின்னால் பட்டை, முன்னால் வாய் விளிம்பு. நடுவில் வெற்றிடம். நாலு ஸ்க்ரூவும் அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் நெக்கை இழுக்கின்றன. வருஷக்கணக்கில் இப்படியே இறுக்கிக் கிடந்தால் ஹீல் (பாக்கெட்டுக்குள் உட்காரும் நெக்கின் அடிப்பகுதி) வளைந்து கடைசி ஃப்ரெட்கள் மேலே கிளம்பிவிடும். முழு நீளத்துக்கும் சரிவாக இழைத்த மரத்தகடுதான் முறை.

பதில்: உப்புத்தாள்

அந்த வளைவுக்குப் பட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பழைய ஃபெண்டர்களில் தொழிற்சாலையிலேயே ஃபைபர் பட்டை வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அவற்றில் நேராக இருப்பவையும் ஏராளம். ஷிம்மே இல்லாத நெக்கிலும் கடைசி ஃப்ரெட்கள் எழும்பும். 0.3 மி.மீ. வரை பட்டையே போதும் என்பது என் கட்சி: பாக்கெட்டின் முழு அகலத்துக்கு, 12 மி.மீ. அகலப் பட்டை, பின் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் பாக்கெட்டின் பின்சுவருக்கும் நடுவில். ஆனால் இங்கே தேவை 0.64. இந்த அளவுக்குச் சரிவுத்தகடுதான் நல்லது, அதில் நானும் உங்கள் பக்கம்.

எந்தப் பொருள் என்று கேட்டால் மேப்பிளோ தேக்கோ, கெட்டியான மரம் எதுவும் சரி. பித்தளைத் தகடும் சரி. மடித்த காகிதம், அட்டை, ரப்பர், தக்கை வேண்டாம். அமுங்கும் பொருள் எதுவானாலும் இன்று வைத்த கோணம் ஆறு மாசத்தில் இருக்காது. உப்புத்தாளை வெட்டிச் செருகுகிறவர்களும் உண்டு (என் பெயரைப் பார்த்து நான் சொன்னதாக நினைக்க வேண்டாம்). அதுவும் காகிதம்தான்.

பதில்: மேப்பிள்வாசி

அப்படியானால் செய்முறை.

பிளைவுட் கடையில் கெட்டி மர வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒரு துண்டு வாங்குங்கள். 0.7 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பல வெனீர்கள் அரை மி.மீ. சுற்றித்தான் வரும், அளந்து வாங்குங்கள். பாக்கெட்டின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினால் விளிம்பும் நாலு ஓட்டையும் பதியும். அதுதான் அச்சு. மரத்தின் ரேகை நெக்கின் நீளவாக்கில் ஓடட்டும்.

வெட்டிய துண்டை டபுள் சைடு டேப்பால் கண்ணாடி மேல் ஒட்டுங்கள். தடித்த முனையிலிருந்து 15 மி.மீ.க்கு ஒரு குறுக்குக்கோடு. 75 மி.மீ. நீளத்துக்குக் கோடுகளில் வர வேண்டிய தடிமன் வரிசையாக 0.65, 0.52, 0.39, 0.26, 0.13, கடைசியில் பூஜ்யம். தட்டையான கட்டையில் 120 நம்பர் உப்புத்தாள் சுற்றி, மெல்லிய முனையில் அதிகம் தேய்த்து, அடிக்கடி எடுத்து வெர்னியரில் பாருங்கள். கையில் உப்புத்தாளை வெறுமனே பிடித்துத் தேய்க்காதீர்கள், நடுவில் பள்ளம் விழும். மெல்லிய முனை கடைசி ஒரு சென்டிமீட்டர் பிய்ந்து போனால் கவலை இல்லை, அங்கே 0.1கூட இருக்காது.

ஓட்டைகளை ஸ்க்ரூவைவிடப் பெரிதாகவே போடுங்கள். ஃபெவிகால் தடவ வேண்டாம். ஸ்க்ரூ அழுத்தமே போதும், பின்னால் மாற்ற வேண்டியும் வரலாம்.

மூன்றாம்ஃப்ரெட்

கழற்றினேன். பாக்கெட்டில் பழைய ஷிம் இல்லை, வாய்ப்பக்க மூலையில் மட்டும் பெயின்ட் சொட்டு ஒன்று இருந்தது, பிளேடால் சுரண்டிவிட்டேன். நீளம் 76, வாயிலிருந்து ஈ சேடில் 246. ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் கடைசி ஃப்ரெட்கள் நேர்.

ஒரு சந்தேகம். ஸ்க்ரூக்கள் நெக்கிலிருந்து விடுபட்ட பிறகும் பாடிக்குள் திருகிக்கொண்டேதான் வெளியே வந்தன, இழுத்தால் வரவில்லை. இது சரியா? நாலில் ஒன்று நெக்குக்குள் பிடிப்பே இல்லாமல் சுற்றியது.

பதில்: ஒன்றரைநூல்

ப்ரோ, சரியில்லை. ஷிம்மைவிட இதுதான் முக்கியம்.

பாடியில் இருக்கிற ஓட்டை ஸ்க்ரூ தாராளமா நுழைஞ்சு போற ஓட்டையா இருக்கணும். மரை பிடிக்க வேண்டியது நெக் மரத்துல மட்டும். ரெண்டுலயும் மரை பிடிச்சா, நெக்குக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அப்படியே பூட்டிக்கும். எவ்வளவு முறுக்கினாலும் நெக் கீழே இறங்காது, ஸ்க்ரூ தலை பின்பக்க நெக் தகட்டை நசுக்கும், அவ்வளவுதான். நீங்க 0.65 ஷிம் வெச்சு, இடைவெளி இன்னொரு 0.3 நின்னுச்சுன்னா கணக்கு எல்லாம் வீண். ட்யூனிங் நகரும், சஸ்டெய்னும் (ஒலி நீடிப்பு) போகும்.

சாதாரணமா வர்றது 8 நம்பர் ஸ்க்ரூ, வெளிவிட்டம் 4.2 மி.மீ. உங்க ஸ்க்ரூவை அளந்துக்குங்க. பாடி ஓட்டையை 4.5 மி.மீ. ட்ரில்லால பெருசாக்குங்க, அது இல்லைன்னா ஒன்றரை நூல் பிட், 4.8 மி.மீ. வரும், அதுக்கு மேல போக வேண்டாம். நெக்கை எடுத்து வேற அறையில வெச்சுட்டுதான் ட்ரில்லை ஆன் பண்ணணும், பாடியில மட்டும்தான் வேலை. பிட் வெளியே வர்ற பக்கம் ஒரு வேஸ்ட் கட்டையை இறுக்கிக் கட்டுங்க, பெயின்ட் தெறிக்காது. பிட்டை முதல்ல ரிவர்ஸ்ல நாலு சுத்து விட்டுட்டு அப்புறம் நேரா விட்டா விளிம்பு சுத்தமா இருக்கும். முடிஞ்சதும் ஸ்க்ரூ தன் எடையிலேயே தொபுக்குனு விழணும்.

பிடிப்பில்லாத அந்த நெக் ஓட்டைக்குத் தீக்குச்சி, பல்குத்தி செருகுறது ரெண்டு தடவை கழற்றி மாட்டுற வரைக்கும்தான் தாங்கும். நல்லா செய்யணும்னா 6 மி.மீ.க்கு ஓட்டையைப் பெருசாக்கி, கெட்டி மர உருண்டைக் குச்சித் துண்டை (டவல், dowel) மர கம் தடவி இறக்கி, ஒரு ராத்திரி விட்டு, வழிச்சு எடுத்துட்டு, ஒரு நூல் பிட்டால (3.2 மி.மீ.) திரும்ப ஓட்டை போடுங்க. ஆழத்துக்கு பிட்டுல டேப் சுத்திக்குங்க. ஹீல் மொத்தத் தடிமனே ஃப்ரெட்போர்டோட சேர்த்து சுமார் 25 மி.மீ.தான், கொஞ்சம் அசந்தா பிட் ஃப்ரெட்போர்டுல எட்டிப் பார்க்கும்.

மாட்டும்போது ஸ்க்ரூ மரையில மெழுகுவத்தியைத் தேய்ச்சுக்குங்க. மேப்பிள்ல காய்ஞ்ச ஸ்க்ரூவை முறுக்கித் தலை அறுந்துச்சுன்னா அது தனி வேதனை. முதல்ல இடப்பக்கமா மெதுவா சுத்துங்க, பழைய மரையில 'டக்'னு விழும், அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி ஓட்டையைத் தின்னுடும். கையால மட்டும், பவர் டூல் வேண்டாம். எதிரெதிர் மூலையா, நாலு சுத்துல இறுக்குங்க.

பதில்: உப்புத்தாள்

மேலே சொன்னதில் ஒரு எழுத்தையும் விடாதீர்கள். உங்கள் அளவில் மடங்கு 3.24 வருகிறது, 0.65 ஷிம் 2.1 மி.மீ. தரும். மாற்றம் வேண்டாம்.

மாட்டும் வரிசை: தந்திகளைக் கழற்றாமல் வைத்திருந்தால் 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டபடியே நெக்கை எடுக்கலாம், சிக்கல் குறைவு. ஷிம்மின் தடித்த முனை பிரிட்ஜ் பக்கம். இதைத் தலைகீழாக வைப்பது எல்லாரும் செய்யும் தவறு, மாட்டிவிட்டுப் பார்த்தால் ஆக்‌ஷன் இன்னும் ஏறியிருக்கும். ஸ்க்ரூவை முக்கால்வாசி இறுக்கியதும் இரண்டு ஈ தந்தியையும் லேசாக இழுத்துக் கட்டி, 21ஆம் ஃப்ரெட்டில் இருபுறமும் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரு பக்கம் வழிந்து விழுகிறது என்றால் நெக்கின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி நேராக்கிவிட்டு முழுதும் இறுக்குங்கள்.

முழு ட்யூனிங்கில் வைத்த பிறகு ஒரு சிறு வேலை: நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரலாம். 10-46 செட்டின் இழுவை மொத்தம் சுமார் 46 கிலோ. அது நெக்கின் பின்முனையைப் பாக்கெட் சுவரோடு சேர்த்து உட்கார வைத்துவிடும். உடனே திரும்ப இறுக்குங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம்.

பிறகு இந்த ஒழுங்கில்: ட்யூன், ரிலீஃப், சேடில் உயரம், பிக்கப் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவது). ரிலீஃபை மறுபடி அளக்கச் சொல்வதற்குக் காரணம், நெக் இழுவை இல்லாமல் கிடந்தால் வளைவு கொஞ்சம் மாறியிருக்கும். திருத்த வேண்டி வந்தால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், வலப்பக்கம் திருப்பினால் நேராகும். கீ பொருந்துகிறதா என்று பாருங்கள்: அமெரிக்க ஃபெண்டர்கள் பலவற்றில் 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. அங்கே 3 மி.மீ. அலன் கீயும் உள்ளே போகும், போய் மூலைகளை வழித்துவிட்டு வரும். ஐபனீஸ் என்றால் பெரும்பாலும் 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டேப்பெட் கேஜ் என்று கேளுங்கள், அதே சாமான்.

சேடில்கள் இப்போது மேலே வரும் என்பதால் தந்தி பிக்கப்பிலிருந்து விலகியிருக்கும், சத்தம் மெலிந்ததுபோல் தோன்றும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடியிலிருந்து காந்தக் கம்பி வரை தடித்த ஈ பக்கம் 2 மி.மீ., மெல்லிய ஈ பக்கம் 1.6 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். அதைவிட நெருங்கினால் ஸ்ட்ராட்டின் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி இரட்டையாக அலையும். அதைக் கேட்டுவிட்டு இன்டொனேஷன் கெட்டுவிட்டது என்று சேடிலைக் குடைகிறவர்கள் நிறைய.

மூன்றாம்ஃப்ரெட்

எல்லாம் செய்தாயிற்று. டவல், ட்ரில், ஷிம். இப்போது 17இல் இரண்டு பக்கமும் 1.6, ரிலீஃப் 0.22, ஈ சேடில்களுக்குக் கீழே 0.8 இடம் இருக்கிறது. திருகு குத்துவதும் நின்றது. மெல்லிய ஈ தந்தியை 15ஆம் ஃப்ரெட்டில் முழு டோன் பெண்ட் செய்தால் (பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றினால்) மட்டும் சத்தம் அறுந்துபோகிறது.

பதில்: மேப்பிள்வாசி

9.5 ரேடியஸில் பெண்ட் செய்யும்போது தந்தி ஃப்ரெட்போர்டின் நடுமேட்டை நோக்கி ஏறுகிறது, அங்கே மேலே உள்ள ஃப்ரெட்டில் மோதுகிறது. மெல்லிய ஈ, பி இரண்டின் சேடிலையும் கால் மி.மீ. ஏற்றுங்கள், 17இல் 0.15தான் கூடும், விரலுக்குத் தெரியாது. போகவில்லை என்றால் 18 முதல் 20 வரை ஏதோ ஒரு ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. மூன்று ஃப்ரெட் மேல் மட்டும் உட்காரும் அளவுக்குச் சின்ன ஸ்கேல் துண்டை வைத்து ஆட்டிப் பார்த்தால் எது என்று அகப்படும்.

கேள்வி: தேக்குமரம்

இதே திரியில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சேடில்களை உச்சிக்கு ஏற்றியும் தந்தி ஃப்ரெட்டோடு ஒட்டுகிறது. திருகுகளில் மரையே மிச்சமில்லை, சேடில்கள் ஆடுகின்றன. நெக் தகட்டில் ஸ்க்ரூக்களைத் தவிரச் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது, உள்ளே அலன் தலை தெரிகிறது.

பதில்: உப்புத்தாள்

முதலில் ரிலீஃப் பாருங்கள். நெக் பின்பக்கம் வளைந்து கிடந்தாலும் இதே அறிகுறி வரும், அதை ராடைத் தளர்த்தித் தீர்க்கலாம்.

அந்த ஓட்டை மைக்ரோ-டில்ட். ஃபெண்டர் 1970களின் தொடக்கத்தில் மூன்று போல்ட் நெக்கோடு ஸ்ட்ராட்டில் கொண்டுவந்தது, பின்னால் நாலு போல்ட் மாடல்களிலும் வந்தது. உள்ளே இருக்கும் திருகு நெக்கின் ஹீலில் உள்ள ஒரு தகட்டைத் தள்ளி, பின்னால் ஷிம் வைத்தது மாதிரியே சாய்க்கும். யாரோ அதை அதிகமாக முறுக்கிவிட்டிருக்கலாம். தந்தியைத் தளர்த்தி, அந்த ஓட்டைக்கு இருபுறமும் உள்ள நெக் ஸ்க்ரூ இரண்டையும் குறைந்தது நாலு சுற்று தளர்த்திவிட்டு, 1/8 அங்குல அலன் கீயால் இடப்பக்கம் கால் சுற்று திருப்பி, திரும்ப இறுக்கி, அளந்து பாருங்கள். கால் சுற்றுக்கே ஆக்‌ஷனில் சுமார் 0.8 மி.மீ. மாறும், அதனால் அவசரம் வேண்டாம். நெக் ஸ்க்ரூ இறுகியிருக்கும்போது அதைத் திருப்பினால் ஹீல் தகடு மரத்துக்குள் புதையும்.

மைக்ரோ-டில்ட் ஒரு பக்கம்தான் சாய்க்கும். அதை முழுக்கப் பின்வாங்கியும் போதவில்லை என்றால், பாக்கெட்டின் வாய்ப்பக்கம் ஷிம். அப்போது நெக் பின்முனையில் ஊன்றுவதால் மடங்கு வேறு: பின்முனையிலிருந்து சேடில் சுமார் 170, அதைப் பாக்கெட் நீளமான 75ஆல் வகுத்தால் 2.3. சேடிலை 1 மி.மீ. இறக்க வேண்டும் என்றால் 0.43 மி.மீ. ஷிம். தட்டையான முழு ஷிம் போட்டு இதைச் சரிசெய்ய முயலாதீர்கள், அது நெக்கை அப்படியே தூக்கி ஆக்‌ஷனை இன்னும் குறைத்துவிடும்.

அளவுகளைப் போடுங்கள்: ரிலீஃப், 17ஆம் ஃப்ரெட் உயரம், பாக்கெட் நீளம், பின்முனையிலிருந்து சேடில் வரை தூரம்.

பதில்: ஒன்றரைநூல்

அதோட ட்ரெமலோ மிதக்குதா, தகடு பாடியோட ஒட்டியிருக்கான்னும் சொல்லுங்க. ஸ்ப்ரிங் ரொம்ப இறுக்கி பின்பக்கம் அமுங்கிக் கிடந்தா சேடில் எல்லாம் தாழ்ந்துதான் இருக்கும். ஃபெண்டர் சொல்ற மாதிரி தகட்டோட பின்விளிம்பு ஒரு நூல் உயர நின்னா, உங்களுக்கு ஷிம்மே தேவைப்படாம போகலாம்.